ஹிப்-ஹாப்பும் தெருப்பாணி உடையும்: ஹார்லெம் தையற்கடையிலிருந்து பாரிஸ் வரை

ஹிப்-ஹாப் என்பது 1970களில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், குறிப்பாகப் பிராங்க்ஸ் பகுதியில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க, கரீபிய இளைஞர்களிடையே தோன்றிய பண்பாட்டு இயக்கமாகும். இசைத்தட்டுகளை இயக்கும் டி.ஜே. கலை, சொல்லிசை எனப்படும் ராப், பிரேக் நடனம், கிராஃபிட்டி என்னும் சுவரெழுத்து ஓவியம் ஆகிய நான்கும் அதன் அடிப்படைக் கூறுகளாகக் கொள்ளப்படுகின்றன. இந்த நான்கோடும் தொடக்கம் முதலே சேர்ந்து வளர்ந்தது உடை. விளையாட்டுக் காலணி, டிராக் சூட், தொளதொளப்பான ஜீன்ஸ், எழுத்துப் பொறித்த பனியன், தொப்பி என இன்று உலகெங்கும் இளைஞர்கள் அணியும் பல உடைகளின் பின்னணியில் இந்த வரலாறு இருக்கிறது.

இக்கட்டுரை அந்த உடையை உருவாக்கிய கலைஞர்களையும் தையற்காரர்களையும் பற்றியது. ஹார்லெமில் 'டேப்பர் டேன்' என்ற பெயரில் கடை நடத்திய டேனியல் டே என்பவரின் வரலாறு இதன் மையமாக அமைகிறது. ஒருவர் செய்தபோது திருட்டு எனப்பட்ட செயல், இன்னொருவர் செய்தபோது அஞ்சலி எனப்பட்டது எப்படி என்ற கேள்வியை அவருடைய வாழ்க்கை எழுப்புகிறது.

பள்ளி உடைக்காக ஒரு கொண்டாட்டம்

ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாக 1973 ஆகஸ்ட் 11 கொண்டாடப்படுகிறது. அன்று மாலை, பிராங்க்ஸில் 1520 செட்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஓர் ஆட்டக் கொண்டாட்டம் நடந்தது. இசைத்தட்டுகளை இயக்கியவர் கூல் ஹெர்க் என்ற கிளைவ் கேம்ப்பெல். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1955இல் பிறந்து, 1967இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தவர்.

அக்கொண்டாட்டத்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்ப்பெல். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது அணியப் புதிய உடைகள் வாங்க அவருக்குப் பணம் தேவைப்பட்டது. அழைப்பை அட்டைகளில் கையால் எழுதினார்கள். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். அக்கம்பக்கத்தில் எல்லோரும் உடை வாங்கும் கடைத்தெருவைத் தவிர்த்து, மற்றவர்களிடம் இல்லாத உடைகளை மன்ஹாட்டனின் டெலான்சி தெருவில் வாங்க விரும்பியதாகச் சிண்டி பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஆக, ஹிப்-ஹாப்பின் தொடக்க நிகழ்வே உடைக்காக நிதி திரட்டிய நிகழ்வாகும்.

அக்காலத்துப் பிராங்க்ஸ் வசதியான இடமாக இருக்கவில்லை. நகரின் குறுக்கே போடப்பட்ட கிராஸ் பிராங்க்ஸ் விரைவுச்சாலைக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. தொழிற்சாலை வேலைகள் குறைந்தன. தென் பிராங்க்ஸின் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீக்கிரையாயின. பள்ளிகளில் இசைக்கருவி வகுப்புகள் குறைக்கப்பட்டன. இசைக்கருவி இல்லாத இளைஞர்கள் வீட்டிலிருந்த இசைத்தட்டையே கருவியாக்கினார்கள்.

ஒரு பாடலில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதி வரும்போதுதான் ஆடுபவர்கள் அதிக உற்சாகம் கொள்கிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரண்டு இயக்கிகளில் வைத்து, அந்தச் சிறு பகுதியை மாற்றி மாற்றி ஓட்டி நீளச் செய்தார். 'பிரேக்' எனப்படும் அப்பகுதியில் ஆடியவர்களே பி-பாய், பி-கேர்ள் எனப்பட்டனர். ஏற்கெனவே இருக்கும் ஒன்றின் துண்டை எடுத்து வேறொன்றாக ஆக்கும் இம்முறை ஹிப்-ஹாப் இசைக்கு அடித்தளம். உடையிலும் இதே முறை செயல்பட்டதைப் பின்னர் காண்போம்.

ஆட்டமும் ஓவியமும் தந்த உடை

தொடக்க கால ஹிப்-ஹாப் உடையில் பயன்பாடே முதன்மையாக இருந்தது. பிரேக் நடனம் ஆடுபவர்கள் தரையில் சுழல வேண்டும். கையூன்றி எழ வேண்டும். அதற்கு வழுக்கும் நைலான் மேற்சட்டையும், கால் அசைவைத் தடுக்காத டிராக் சூட்டும், தட்டையான அடிப்பாகம் கொண்ட காலணியும் வசதியாக இருந்தன. கூடைப்பந்து ஆடுவோருக்காகச் செய்யப்பட்ட பூமா, அடிடாஸ் காலணிகளை நடனக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மெல்லிய கயிற்றை நீக்கிவிட்டு, அகலமான வண்ணக் கயிறுகளைக் கோத்தார்கள். பல் துலக்கும் தூரிகையால் காலணியைத் துடைத்துப் புதிதுபோல் வைத்துக்கொள்வது ஒரு பழக்கமாயிற்று. புதிய காலணி அடிக்கடி வாங்க முடியாத இடத்தில், இருப்பதைப் பளிச்சென்று வைத்திருப்பதே மதிப்பைத் தந்தது.

சுவரிலும் ரயில் பெட்டியிலும் பெயரெழுதிய கிராஃபிட்டி ஓவியர்கள் தங்கள் எழுத்துகளை ஜீன்ஸ் துணியாலான மேற்சட்டைகளின் முதுகிலும் தீட்டினர். 1986இல் குயின்ஸ் பகுதியின் ஜமைக்கா வட்டாரத்தில், கொலீசியம் என்ற வணிக வளாகத்தில் 'ஷர்ட் கிங்ஸ்' என்ற கடை தொடங்கியது. 'ஃபேட்' என்ற பெயரில் அறியப்பட்ட எட்வின் சகாசாவும் அவருடைய தோழர்களும் நடத்திய இக்கடையில், ஏர்பிரஷ் கருவியால் பனியன்களில் கேலிச்சித்திரப் பாத்திரங்களையும் வாடிக்கையாளரின் பெயரையும் வரைந்து கொடுத்தார்கள். புகழ்பெற்ற ராப் பாடகர்களும் இங்கே வந்து பனியன் வாங்கினர். சுவர் ஓவியம் பிழைப்புக்கான தொழிலாக மாறிய தொடக்க கால எடுத்துக்காட்டுகளில் இது ஒன்று.

மேடை உடை தெரு உடையானது

1979இல் சுகர்ஹில் கேங் குழுவின் 'ராப்பர்ஸ் டிலைட்' வெளியாகி, ராப் இசை வானொலிக்கும் இசைத்தட்டுச் சந்தைக்கும் வந்தது. அக்காலத்து ராப் குழுக்கள் மேடையில் தோன்றியபோது ஃபங்க், ராக் இசைக்குழுக்களைப் போலவே உடுத்தன. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினர் தோல் உடை, உலோகக் குமிழ்கள், உயரமான பூட்ஸ் ஆகியவற்றுடன் மேடையேறினர். தெருவில் நடக்கும்போது யாரும் அணியாத உடைகள் அவை.

இதை மாற்றியவர்கள் குயின்ஸின் ஹாலிஸ் பகுதியைச் சேர்ந்த ரன்-டி.எம்.சி. குழுவினர். ஜோசப் சிம்மன்ஸ், டாரில் மெக்டேனியல்ஸ், ஜேசன் மிசெல் ஆகிய மூவரும் தங்கள் தெருவில் எப்படி நடமாடினார்களோ அப்படியே மேடைக்கு வந்தார்கள். கறுப்புத் தொப்பி, கறுப்பு மேற்சட்டை, கழுத்தில் கனத்த தங்கச் சங்கிலி, கயிறில்லாத வெள்ளை அடிடாஸ் காலணி என்பது அவர்களின் அடையாளமாயிற்று. கயிறில்லாத காலணி சிறைக்கைதிகளின் அடையாளம் என்றும், அப்படி அணிபவர்கள் குற்றவாளிகள் என்றும் அன்று ஒரு பேச்சு இருந்தது. அதற்கு மறுமொழியாக அமைந்த பாடல் 1986இல் வெளியான 'மை அடிடாஸ்'.

அதே ஆண்டு மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்த நிகழ்ச்சிக்கு அடிடாஸ் நிறுவனப் பிரதிநிதி அழைக்கப்பட்டிருந்தார். அப்பாடலின்போது கூட்டத்தினரைக் காலணிகளைக் கழற்றித் தூக்கிக் காட்டுமாறு குழுவினர் கேட்டனர். அரங்கில் ஆயிரக்கணக்கான காலணிகள் உயர்ந்தன. அதைத் தொடர்ந்து ரன்-டி.எம்.சி.க்கும் அடிடாஸுக்கும் விளம்பர ஒப்பந்தம் ஏற்பட்டது. விளையாட்டு வீரர் அல்லாத இசைக்குழு ஒன்றுடன் விளையாட்டுக் காலணி நிறுவனம் செய்த ஒப்பந்தங்களில் இது முன்னோடியாகக் கருதப்படுகிறது. ராப் பாடகர் அணிவதை இளைஞர்கள் வாங்குவார்கள் என்பதை உடை நிறுவனங்கள் இதன்மூலம் அறிந்தன.

125ஆம் தெருவின் கடை

டேனியல் டே 1944இல் ஹார்லெமில் பிறந்தார். இளமையில் தாயக்கட்டைச் சூதாட்டத்தில் தேர்ந்தவராக இருந்தார். 1960களின் இறுதியிலும் 1974இலும் ஆப்பிரிக்கா சென்றார். அங்கே மக்கள் துணியை எடுத்துத் தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வதைக் கண்டார். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இயல்பான இம்முறை, ஆயத்த ஆடைக்குப் பழகிய நியூயார்க் இளைஞருக்குப் புதிதாக இருந்தது. தனக்கென்று ஒரு தையற்கடை வைக்கும் எண்ணம் இதிலிருந்து வளர்ந்தது.

1982இல் ஹார்லெமின் 125ஆம் தெருவில் 'டேப்பர் டேன்ஸ் புட்டீக்' திறக்கப்பட்டது. தொடக்கத்தில் மென்மயிர்த் தோல் மேலங்கிகளை விற்றார். மொத்த வணிகர்கள் சிலர் அவருக்குச் சரக்குக் கொடுக்க மறுத்தபோது, தானே தயாரிக்கத் தொடங்கினார். முறையான தையற்பயிற்சி எதுவும் அவருக்கு இல்லை. தோல் பதனிடுதல் பற்றியும் துணியில் அச்சிடுதல் பற்றியும் படித்துத் தெரிந்துகொண்டார். செனகல் நாட்டிலிருந்து வந்து ஹார்லெமில் குடியேறியிருந்த தையற்காரர்களை வேலைக்கு வைத்தார். கடை இரவு பகல் எந்நேரமும் திறந்திருந்தது. நள்ளிரவுக்குப் பின் வரும் சூதாடிகள், போதைப்பொருள் வணிகர்கள், குத்துச்சண்டை வீரர்கள், பாடகர்கள் ஆகியோரே அவருடைய வாடிக்கையாளர்கள்.

ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் லூயி வித்தோன் நிறுவனத்தின் சிறு பை ஒன்றுடன் வந்தார். சுற்றியிருந்தவர்கள் அப்பையை வியந்து பார்த்ததை டேன் கவனித்தார். ஒரு சிறு பைக்கே இத்தனை மதிப்பு என்றால், அந்த எழுத்துச் சின்னங்கள் நிறைந்த முழு மேலங்கி எப்படியிருக்கும் என்று எண்ணினார். அக்காலத்தில் அந்நிறுவனங்கள் பைகளுக்கும் பெட்டிகளுக்குமே பெயர் பெற்றிருந்தன. டேன் கற்பனை செய்த வகை உடை அவற்றின் கடைகளில் இல்லை. முதலில் அந்நிறுவனங்களின் பைகளை விலைக்கு வாங்கி, வெட்டி, உடையில் சேர்த்துத் தைத்தார். அது போதாமல் போகவே, தோலின்மேல் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் சின்னங்களைத் தாமே அச்சிடும் வழியைக் கண்டறிந்தார். லூயி வித்தோன், குச்சி, ஃபெண்டி முதலிய நிறுவனங்களின் சின்னங்கள் பெரிய தோள்களும் உப்பிய கைகளும் கொண்ட தோல் மேற்சட்டைகளில் இடம்பெற்றன. கார் இருக்கைகளுக்கும் அதே தோலில் உறை தைத்துக் கொடுத்தார்.

எரிக் பி., ராக்கிம் இருவரும் 1987இல் வெளியிட்ட 'பெய்டு இன் ஃபுல்' இசைத்தட்டின் அட்டையில் டேன் தைத்த உடைகளுடன் காட்சி தந்தனர். ஹிப்-ஹாப் உடை வரலாற்றில் மிகுதியாகப் பேசப்படும் படங்களில் அது ஒன்று. ஐரோப்பாவின் சொகுசு நிறுவனங்களின் கடைகளுக்குள் நுழைந்தாலே சந்தேகப் பார்வைக்கு உள்ளான இளைஞர்கள், அந்நிறுவனங்கள் தயாரிக்காத உடையை, தங்கள் உடலளவுக்கு, தங்கள் தெருவிலேயே தைத்துக்கொண்டனர்.

இரு துறைகள், ஒரே கேள்வி

1988 ஆகஸ்ட்டில் குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் விடியற்காலையில் டேனின் கடைக்கு வந்தபோது, மிட்ச் கிரீன் என்ற மற்றொரு குத்துச்சண்டை வீரருடன் தெருவிலேயே கைகலப்பு ஏற்பட்டது. டைசனின் கையில் எலும்பு முறிந்தது. செய்தி நாடெங்கும் பரவியதால் கடையும் செய்தியில் இடம்பெற்றது. சொகுசு நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் கவனிக்கத் தொடங்கினர். வணிகச் சின்னத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காகக் கடையில் அடுத்தடுத்துச் சோதனைகள் நடந்தன. சரக்கும் கருவிகளும் பறிமுதல் செய்யப்பட்டன. ஃபெண்டி நிறுவனத்துக்காகச் செயல்பட்ட வழக்கறிஞர்களுள் ஒருவர் சோனியா சோட்டோமேயர். அவர் 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1992இல் கடை மூடப்பட்டது.

ஏறக்குறைய அதே நேரத்தில் இசைத்துறையிலும் ஒரு தீர்ப்பு வந்தது. பழைய பாடலின் ஒலித்துண்டை எடுத்துப் புதிய பாடலில் சேர்க்கும் முறை 'சாம்ப்ளிங்' எனப்படும். ஹெர்க் இரண்டு இசைத்தட்டுகளால் செய்ததை, 1980களில் வந்த மின்னணுக் கருவிகள் எளிதாக்கின. ராப் பாடகர் பிஸ் மார்க்கி தமது பாடலொன்றில் கில்பர்ட் ஓசல்லிவனின் 1970களின் பாடல் துண்டைப் பயன்படுத்தியிருந்தார். அது தொடர்பான வழக்கில் 1991 டிசம்பரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. திருடாதே என்னும் விவிலியக் கட்டளையுடன் அத்தீர்ப்பு தொடங்கியது. அதன்பின் ஒவ்வொரு ஒலித்துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி பெற்றுப் பணம் செலுத்துவது நடைமுறையானது. நூற்றுக்கணக்கான ஒலித்துண்டுகளை அடுக்கி இசையமைக்கும் முறை கட்டுப்படியாகாமல் போயிற்று.

சட்டத்தின் பார்வையில் இரண்டு வழக்குகளும் எளியவை. பிறர் பாடல் பதிப்புரிமை பெற்றது. பிறர் சின்னம் வணிகச் சின்னமாகப் பதிவு பெற்றது. இரண்டையும் அனுமதியின்றி எடுக்க முடியாது. ஆனால் உடையைப் பொறுத்தவரை அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வேறுபாடு உண்டு. உடை என்பது பயன்பாட்டுப் பொருள் என்பதால், அதன் வெட்டும் வடிவமும் பொதுவாகப் பதிப்புரிமையின்கீழ் வருவதில்லை. உடையின்மேல் உள்ள சின்னத்துக்குப் பாதுகாப்பு உண்டு; அவ்வுடையின் தோள் அகலத்துக்கும் கையின் உப்பலுக்கும் பாதுகாப்பு இல்லை. டேன் எடுத்தது சின்னம். அவர் தாமே உருவாக்கியது வடிவம். எடுத்ததற்குத் தண்டனை கிடைத்தது, உருவாக்கியதற்கு உரிமை கிடைக்கவில்லை.

சொந்தப் பெயரில் சட்டை

பிறர் சின்னத்தை நம்பியிருப்பதில் உள்ள ஆபத்தை அடுத்த தலைமுறை உணர்ந்தது. 1980களின் இறுதியிலிருந்து கறுப்பின வடிவமைப்பாளர்கள் பலர் தங்கள் சொந்தப் பெயர்களிலேயே நிறுவனங்களைத் தொடங்கினர்.

ஏப்ரல் வாக்கர் என்ற புரூக்ளின் இளம்பெண், டேனின் கடையைப் பார்த்து ஊக்கம் பெற்று 1980களின் பிற்பகுதியில் தமது பகுதியில் ஒரு தையற்கடையைத் திறந்தார். பின்னர் 'வாக்கர் வேர்' என்ற நிறுவனத்தை உருவாக்கினார். டூபாக், நட்டோரியஸ் பி.ஐ.ஜி. முதலிய பாடகர்கள் அவருடைய உடைகளை அணிந்தனர். ஆண்களுக்கான உடைத்துறையில், அதுவும் ஆண்களே நிறைந்த ராப் உலகில், ஒரு பெண் நடத்திய நிறுவனம் அது.

லாஸ் ஏஞ்சல்ஸில் கார்ல் ஜோன்ஸ், டி.ஜே. வாக்கர் இருவரும் 1989இல் 'கிராஸ் கலர்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினர். ஆப்பிரிக்கத் துணிகளை நினைவூட்டும் சிவப்பு, பச்சை, மஞ்சள் வண்ணங்களும், இனவெறிக்கும் வன்முறைக்கும் எதிரான வாசகங்களும் அதன் அடையாளம். 'ஃபிரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்' தொலைக்காட்சித் தொடரில் வில் ஸ்மித் இவ்வுடைகளை அணிந்ததால் அவை நாடெங்கும் பரவின. அதன் முதன்மை வாடிக்கையாளராக இருந்த சில்லறைக் கடைச் சங்கிலி 1994இல் நொடித்துப்போனது கிராஸ் கலர்ஸையும் பாதித்தது. அந்நிறுவனத்தோடு இணைந்து வளர்ந்த கார்ல் வில்லியம்ஸ், 'கார்ல் கனாய்' என்ற பெயரில் தனி நிறுவனம் நடத்தினார். என்னால் முடியுமா என்று பொருள்படும் ஆங்கிலக் கேள்வியிலிருந்து அப்பெயரை உருவாக்கினார்.

1992இல் ஹாலிஸ் பகுதியின் டேமண்ட் ஜான், ஜே. அலெக்சாண்டர் மார்ட்டின், கீத் பெரின், கார்ல்டன் பிரவுன் ஆகியோர் 'ஃபுபு' நிறுவனத்தைத் தொடங்கினர். நமக்காக, நம்மாலே என்பது அச்சுருக்கத்தின் பொருள். வீட்டில் தைத்த கம்பளித் தொப்பிகளைத் தெருவில் நின்று விற்றதே தொடக்கம். டேமண்டின் தாய் வீட்டை அடகு வைத்து 100,000 டாலர் பெற்றுத் தந்தார். வீடே சிறு தொழிற்கூடமாயிற்று. 1997இல் ராப் பாடகர் எல்.எல். கூல் ஜே, கேப் நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஃபுபு தொப்பி அணிந்து தோன்றினார். சொல்லிசை வரிகளுக்கிடையே ஃபுபுவின் முழக்கத்தையும் சொன்னார். கேப் நிறுவனத்தின் பணத்தில் அதன் போட்டியாளருக்கு விளம்பரம் கிடைத்ததை, விளம்பரம் ஒளிபரப்பான பிறகே அந்நிறுவனம் உணர்ந்தது.

இதே காலத்தில் புரூக்ளினில் வேறொரு போக்கும் இருந்தது. 1988இல் கிரவுன் ஹைட்ஸ், பிரவுன்ஸ்வில் பகுதி இளைஞர்கள் சேர்ந்து 'லோ லைஃப்ஸ்' என்ற கூட்டத்தை அமைத்தனர். வெள்ளையினச் செல்வந்தரின் பனிச்சறுக்கு, பாய்மரப் படகு வாழ்க்கையை மனத்தில் வைத்து ரால்ஃப் லாரன் தயாரித்த போலோ உடைகளை மட்டுமே அவர்கள் அணிந்தனர்; பெரும்பாலும் கடைகளிலிருந்து திருடியே சேர்த்தனர். வூ-டாங் கிளான் குழுவின் ரேக்வான் 1994ஆம் ஆண்டுப் பாடல் காட்சியொன்றில் அணிந்த 'ஸ்னோ பீச்' என்ற போலோ மேற்சட்டை பின்னர் சேகரிப்போர் தேடும் பொருளானது. 2018இல் ரால்ஃப் லாரன் நிறுவனமே அதை மறுபதிப்பாக வெளியிட்டது.

1990களின் இறுதியில் ராப் பாடகர்களே உடை நிறுவனங்களின் உரிமையாளர்களாயினர். ஷான் கோம்ஸின் 'ஷான் ஜான்' 1998இலும், ஜே-சி, டேமன் டாஷ் இருவரின் 'ரோக்காவேர்' 1999இலும் தொடங்கின. ரோக்காவேரின் பெயருரிமையை 2007இல் ஐகானிக்ஸ் நிறுவனம் 204 மில்லியன் டாலருக்கு வாங்கியது. பாடகர்களின் தோற்றத்தைத் திட்டமிடும் ஒப்பனை வடிவமைப்பாளர் பணியும் தனித்தொழிலாக வளர்ந்தது. 1999 எம்.டி.வி. விருது விழாவில் லில் கிம் அணிந்த ஊதா உடையை உருவாக்கிய மிசா ஹில்டன் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர்.

ஈழத்து மரபுவழிக் கலைஞர் ஒருவரின் பார்வை

போலிச் சின்னம், அசல் சின்னம் பற்றிய இதே கேள்வியை வேறொரு கோணத்தில் எழுப்பியவர் மாதங்கி அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றவர். 1975இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, போர்ச்சூழலால் 1980களின் நடுப்பகுதியில் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் மீண்டும் லண்டனுக்கு அகதியாகச் சென்றார். தாய் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். லண்டன் சென்ட்ரல் செயிண்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படம் பயின்ற மாதங்கி, தமது முதல் இரு இசைத்தொகுப்புகளுக்குத் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையும், தாயின் பெயரான 'கலா' என்பதையும் சூட்டினார். 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற அவருடைய புகழ்பெற்ற பாடல் 'தி கிளாஷ்' குழுவின் பாடல் துண்டைச் சாம்ப்ளிங் முறையில் கொண்டது.

2013இல் இத்தாலியின் வெர்சாச்சி நிறுவனம் தனது 'வெர்சஸ்' பிரிவுக்காக உடைகளை வடிவமைக்குமாறு அவரை அழைத்தது. நிறுவனத்தின் பழைய மாதிரிகளை அவர் அடிப்படையாகக் கொள்ளவில்லை. தெருச்சந்தைகளில் விற்கப்படும் போலி வெர்சாச்சி உடைகளையே மாதிரியாகக் கொண்டு உடைகளை உருவாக்கினார். போலியின் நகலை அசல் நிறுவனமே விற்றது.

2017: திரும்பி வந்த மேற்சட்டை

கடை மூடிய பிறகு டேன் பொதுவெளியிலிருந்து ஒதுங்கினார். குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதர் உள்ளிட்ட சிலருக்கு மட்டும் உடை தைத்து வந்தார்.

2017 மே மாதம் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் குச்சி நிறுவனம் நடத்திய உடை அணிவகுப்பில், உப்பிய கைகள் கொண்ட மேற்சட்டை ஒன்று இடம்பெற்றது. அது டேன் 1980களின் இறுதியில் ஓட்டப்பந்தய வீராங்கனை டயான் டிக்சனுக்குத் தைத்த மேற்சட்டையைப் பெரிதும் ஒத்திருந்தது. 1984 ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற டிக்சன், அப்பழைய மேற்சட்டை அணிந்த தமது படத்தையும் புதிய படத்தையும் அருகருகே சமூக ஊடகத்தில் வெளியிட்டு, டேனுக்கு உரிய பெயரைத் தருமாறு கேட்டார். பழைய மேற்சட்டையின் கைகளில் லூயி வித்தோன் சின்னம் இருந்தது. புதியதில் அவ்விடத்தில் குச்சியின் சின்னம் இருந்தது.

குச்சியின் வடிவமைப்புத் தலைவர் அலெசாண்ட்ரோ மிக்கேலே, அது டேனுக்குச் செலுத்திய அஞ்சலி என்று விளக்கினார். ஆனால் அணிவகுப்பின்போது டேனின் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கவில்லை. கண்டனம் பெருகியது. 25 ஆண்டுகளுக்கு முன் சின்னத்தை எடுத்ததற்காக ஒரு தையற்காரரின் கடை மூடப்பட்டது; இப்போது அவருடைய வடிவத்தை எடுத்தவர்கள் சட்டப்படி பெரிதாக எதற்கும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை. பொதுமக்களின் கண்டனம்தான் குச்சியைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவந்தது.

இருதரப்பும் பேசி, அதே ஆண்டிலேயே கூட்டு முயற்சி ஒன்றை அறிவித்தன. 2018இல் ஹார்லெமில் டேனின் தையற்கூடம் மீண்டும் திறக்கப்பட்டது. இம்முறை துணியையும் தோலையும் குச்சி நிறுவனமே வழங்கியது. தமது நிபந்தனையாக டேன் வைத்தது, பணி ஹார்லெமிலேயே நடக்க வேண்டும் என்பது. 2019 தொடக்கத்தில் குச்சி வெளியிட்ட கறுப்புக் கம்பளிச் சட்டை ஒன்று கறுப்பின மக்களை இழிவுபடுத்துவதாக எதிர்ப்பு எழுந்தபோது, டேன் வெளிப்படையாகக் கண்டித்தார். நிறுவனத் தலைவர் ஹார்லெமுக்கு வந்து கறுப்பினப் பிரதிநிதிகளைச் சந்தித்தார். அதே ஆண்டு டேனின் தன்வரலாற்று நூல் வெளியானது. 2021இல் அமெரிக்க உடை வடிவமைப்பாளர் மன்றத்தின் வாழ்நாள் சாதனையாளர் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

பாரிஸில் ஹிப்-ஹாப்

டேனின் கடை மீண்டும் திறந்த அதே 2018இல், லூயி வித்தோன் நிறுவனத்தின் ஆண்கள் உடைப் பிரிவுக்குக் கலை இயக்குநராக விர்ஜில் அப்லோ நியமிக்கப்பட்டார். அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். கானா நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1980இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். பொறியியலும் கட்டடக்கலையும் பயின்றவர். தையற்காரரான தாயிடம் தையலைக் கற்றவர். டி.ஜே.யாகவும், ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டின் கலைக்குழுவிலும் பணியாற்றினார்.

2012இல் அவர் தொடங்கிய 'பைரெக்ஸ் விஷன்' முயற்சியில், ரால்ஃப் லாரனின் விற்காமல் தேங்கிய சட்டைகளை மலிவாக வாங்கி, அவற்றின்மேல் எழுத்துகளை அச்சிட்டுப் பல மடங்கு விலைக்கு விற்றார். முறை ஏறக்குறைய 125ஆம் தெருவில் நடந்ததுதான். 2013இல் 'ஆஃப்-ஒயிட்' நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் 2021 நவம்பரில் புற்றுநோயால் 41 வயதில் காலமானார். 2023இல் அவருடைய இடத்துக்கு ஹிப்-ஹாப் இசையமைப்பாளர் ஃபாரெல் வில்லியம்ஸ் வந்தார்.

மதிப்பீடு

ஹிப்-ஹாப்பின் 50ஆம் ஆண்டை ஒட்டி, 2023இல் நியூயார்க்கின் ஃபேஷன் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி அருங்காட்சியகம் ஹிப்-ஹாப் உடைக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. தெருவில் தைக்கப்பட்ட உடைகள் அருங்காட்சியகப் பொருள்களாகிவிட்டன என்பதை இது காட்டுகிறது.

ஆயினும் இவ்வரலாற்றை ஏழைகளின் கலை இறுதியில் வென்றது என்ற கதையாக மட்டும் படிப்பது முழுமையாகாது. டேன் தமது கடையை இழந்த காலத்துக்கும் மீண்டும் திறந்த காலத்துக்கும் இடையே கால் நூற்றாண்டு கழிந்தது. அந்த இடைவெளியில் சின்னங்கள் நிறைந்த தோல் உடை என்ற அவருடைய எண்ணத்தைச் சொகுசு நிறுவனங்களே தங்கள் கடைகளில் விற்றன. தோல் மேற்சட்டைகளைத் தைத்த செனகல் தையற்காரர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எந்த நூலிலும் பரவலாக இடம்பெறவில்லை. இன்றும் உடையின் வடிவத்தை உருவாக்கிய சிறு தையற்காரரைவிட, சின்னத்தைப் பதிவு செய்த நிறுவனத்தையே சட்டம் நன்றாகக் காக்கிறது.

1973இல் சிண்டி கேம்ப்பெல் விரும்பியது, பள்ளிக்கு அணிந்து செல்ல, மற்றவர்களிடம் இல்லாத ஓர் உடை. அதற்காக அவர் கூட்டிய கொண்டாட்டத்திலிருந்து உலகெங்கும் பரவிய ஓர் இசை கிடைத்தது. அவ்விசையோடு வளர்ந்த உடைத்தொழிலில், உருவாக்கியவருக்கு உரிய பெயரும் பங்கும் கிடைக்கின்றனவா என்பது இன்னும் தீராத வழக்காகவே உள்ளது.